இரண்டு ஆட்டம், நாற்பத்தைந்து வருடம்

திருப்பதியில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு காகிதத்தோடு வருவார்கள். தெலுங்கில் இருக்கும் பழைய நிலப் பத்திரம், தமிழில் இருக்கும் கல்யாணப் பத்திரிகை, ஆங்கிலத்தில் வந்த வக்கீல் நோட்டீஸ். மொழிபெயர்ப்பாளன் வீடு அப்படித்தான் இருக்கும். போன மாதம் சித்தூரிலிருந்து வந்த நண்பன் காகிதம் எதுவும் கொண்டு வரவில்லை. மகனை அழைத்து வந்திருந்தான்.

நண்பனும் நானும் சித்தூரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் இப்போது மாம்பழக் கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். மகனுக்கு இருபத்தோரு வயது. ஈட்டி எறிவான், கல்லூரி சாஃப்ட்பால் அணியிலும் ஆடுகிறான். பட்டப்படிப்பு முடியப் போகிறது. ஒரு தனியார் நிறுவனத்தில் கடன் வசூல் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. பையனுக்கு அதில் மனமில்லை. உடற்கல்வி படித்து, கல்லூரியில் பயிற்சியாளராக வேண்டும் என்கிறான்.

“நாலு மொழி பேப்பர் படிக்கிறவன் நீ. நீயே சொல்லுடா இவனுக்கு. விளையாட முடியாம போனவன்தானே விசில் ஊத வர்றான்?” என்றான் நண்பன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு, “நைனா, அது அப்படி இல்ல” என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் வாதாட அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்று சட்டென்று பதில் வரவில்லை. அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தேன். விளையாட முடியாமல் போனவனா விசில் ஊத வருகிறான்? ஆமாம் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் என்ன குறை?

சாஃப்ட்பாலின் அண்ணன் பேஸ்பால். அமெரிக்காவின் ஆட்டம். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கிடையே இரண்டுக்கும் போட்டிகள் நடந்தாலும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்க ஆள் இருக்காது. ஆனால் நண்பனின் கேள்விக்கு நான் தேடிய பதில் அந்த ஆட்டத்தில்தான் கிடைத்தது. கதை நம் நாட்டில் தொடங்குகிறது.

2008-இல் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜெண்ட் இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தினார். பெயர் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’. யார் பந்தை வேகமாகவும் குறி தப்பாமலும் எறிகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வந்து எறிந்தார்கள். வென்றவர் ரிங்கு சிங், இடக்கைக்காரர். அடுத்து வந்தவர் தினேஷ் பட்டேல், வலக்கை. இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள். லக்னோவில் குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். ரிங்குவின் தந்தை லாரி டிரைவர். ரிங்குவுக்கு ஒரு லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. அறிவித்த பத்து லட்சம் டாலர் யாருக்கும் கிடைக்கவில்லை.

கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாட்டில் ஈட்டிக்காரர்கள் வென்றது எப்படி என்று கேட்கலாம். காரணம் முழங்கையில் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் ‘எறிகிறான்’ என்று குற்றம் சாட்டுவார்கள். பேஸ்பாலில் மடக்கிய முழங்கையைச் சாட்டை மாதிரி விரித்து எறிவதே கலை. அந்த ஆட்டத்தில் பந்தெறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். அவருக்கும் மட்டை பிடிப்பவரின் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம் தூரம். கிரிக்கெட் ஆடுகளத்தைவிட ஐந்தரை அடி குறைவு. பந்து தரையில் படாமலே போக வேண்டும். ஈட்டிக்காரனின் தோள் இதற்கு ஏற்றது. மாங்காய் அடித்துப் பழகிய கையும் ஏற்றதுதான் என்று சித்தூர்க்காரனான எனக்குத் தோன்றுகிறது.

இருவரும் அந்த வருடமே அமெரிக்கா போனார்கள். அதுவரை இருவருமே பேஸ்பால் ஆடியதில்லை. அவர்களை ஒப்படைத்த இடம் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். அங்கே பிட்சர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் டாம் ஹவுஸ். 2008 நவம்பரில், ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற தொழில்முறை அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள். 2014-இல் இந்தக் கதையை டிஸ்னி படமாக எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். படத்தைப் பார்த்தவர்களுக்கு ஏஜெண்ட்டைத்தான் நினைவிருக்கும். கோச்சாக நடித்தவர் பில் பாக்ஸ்டன். கதையில் அவருக்கு இடம் கொஞ்சம்தான். நிஜத்திலும் கோச்சுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

யார் இந்த டாம் ஹவுஸ்? 1947-இல் பிறந்தவர். இடக்கை பிட்சர். 1971 முதல் 1978 வரை எட்டு சீசன் அமெரிக்காவின் உச்ச லீகில் ஆடினார். அட்லாண்டா, பாஸ்டன், சியாட்டில் என்று மூன்று அணிகள். 29 வெற்றி, 23 தோல்வி. மோசமில்லை, பெரிய பேரும் இல்லை. பந்தில் வேகம் குறைவு. வழக்கமாக நடு ஆட்டத்திலோ கடைசியிலோ கூப்பிட்டு எறியச் சொல்லும் ஆள்.

அவர் பெயர் ஆட்ட வரலாற்றில் ஏறியது ஒரு கேட்ச்சால். 1974 ஏப்ரல் 8. அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன் அடித்து, பேப் ரூத்தின் 714 என்ற பழைய சாதனையை முறியடித்தார். வெள்ளைக்காரரான ரூத்தின் சாதனையைக் கறுப்பரான ஆரன் தாண்டக் கூடாது என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்துகொண்டிருந்த நேரம். வேலியைத் தாண்டிப் பறந்த பந்து, மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் பகுதியில் விழுந்தது. அங்கே நின்ற ஹவுஸ் அதைப் பிடித்தார். பிடித்ததும் ஓடி வந்து ஆரனின் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்தவர் சாதனைப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் என்பதுதான் ஆட்டக்காரராக அவருக்குக் கிடைத்த புகழ். ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது.

வேகம் இயல்பாக வந்தவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டிய தேவையில்லை. வராதவன்தான் யோசிப்பான். ஹவுஸ் யோசித்தார். ஆட்டத்தை விட்ட பின் உளவியலில் டாக்டர் பட்டம் வரை படித்தார். 1985 முதல் 1992 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பிட்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதிவேகக் கேமராவால் படம் பிடித்து, எறியும் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிவது வேறு, கேமராவில் தெரிவது வேறு என்றார். பிட்சர்களின் கையில் அமெரிக்கக் கால்பந்தைக் கொடுத்து எறிந்து பழகச் சொன்னார். அந்த நீள்பந்தைக் கோணலாக எறிந்தால் அது தள்ளாடும். சரியாக எறிந்தால் சுழன்றுகொண்டு நேராகப் போகும். தப்பு எது என்று கோச் சொல்ல வேண்டாம், பந்தே சொல்லிவிடும். ‘புரொஃபசர்’ என்று கேலி செய்தார்கள்.

கேலியை நிறுத்தியவர் நோலன் ரயன். பேஸ்பால் கண்ட மிக வேகமான பிட்சர்களில் ஒருவர். நாற்பது தாண்டி ரேஞ்சர்ஸுக்கு வந்தவர். அந்த வயதில் புதிதாக ஒருவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் கற்றுக்கொண்டார், கால்பந்தையும் எறிந்தார். எதிரணியை ஒரு ஹிட்கூட அடிக்கவிடாமல் முழு ஆட்டத்தை முடிப்பது பிட்சருக்கு உச்ச கௌரவம். ரயன் அதை 1990-இல் 43 வயதிலும் 1991-இல் 44 வயதிலும் செய்தார். 1999-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தபோது, தன் உரையில் ஹவுஸின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். நம்மில் எத்தனை நட்சத்திரங்கள் விருது மேடையில் தங்கள் கோச்சின் பெயரைச் சொல்கிறார்கள்?

ஹவுஸை முனிவராக்க வேண்டாம். ஆடிய காலத்தில் தானே ஊக்கமருந்து எடுத்ததாக 2005-இல் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். உடம்பு தராததை மருந்து தருமா என்று பார்த்திருக்கிறார். தரவில்லை. அந்தக் குறுக்கு வழியையும் சேர்த்துத்தான் அவருடைய அனுபவம்.

ஹவுஸ் அதே தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அவருக்கு அங்கே கோச்சாக இருந்தவர் ராட் டெடோ. நண்பனின் கேள்விக்கு நேரடியான பதில் இந்த டெடோதான்.

டெடோ 1935-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடினார். எத்தனை ஆட்டம்? இரண்டு. நான்கு முறை மட்டை பிடித்தார், ஒரே ஒரு ஹிட். அதன்பின் முதுகெலும்பில் காயம். உச்ச லீக் வாழ்க்கை அவ்வளவுதான், முடிந்தது. ஊருக்கு வந்து லாரிப் போக்குவரத்துத் தொழில் தொடங்கினார். அது நன்றாக நடந்தது. 1942-இல் தான் படித்த பல்கலைக்கழகத்தின் கோச்சானார். 1986 வரை இருந்தார். நாற்பத்தைந்து சீசன். பதினொரு தேசியக் கல்லூரிப் பட்டங்கள். அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து. லாரித் தொழிலில் சோறு இருந்ததால் கோச் வேலைக்குப் பெயருக்கு வருடம் ஒரு டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டார். அவரிடம் படித்தவர்கள்: டாம் சீவர், ஃப்ரெட் லின், ராண்டி ஜான்சன், மார்க் மக்வயர். பேஸ்பால் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் நமக்குக் கவாஸ்கர், கபில் மாதிரி. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சிப் போட்டியாக நடந்தபோது அமெரிக்க அணிக்கு அவர்தான் கோச். 2006-இல் இறந்தார்.

இரண்டு ஆட்டம் ஆடியவரிடம் தொழில்முறை வீரர்கள் பலர் உருவானார்கள். அவரிடம் ஆடிய ஹவுஸ், வாரணாசிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். சங்கீதத்தில் இதைக் குருபரம்பரை என்போம். விளையாட்டில் அதற்கு நம்மிடம் பெயர் கிடையாது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சின்ன விலகல். ‘கோச்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதல் அர்த்தம் குதிரை வண்டி. கோச் என்ற ஹங்கேரியக் கிராமத்தில் செய்த வண்டியால் வந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரை சேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாக ‘கோச்’ என்றார்கள். நம்மைச் சுமந்து போகும் வண்டி! தெலுங்கில் பயிற்சி ‘சிக்ஷண’, பயிற்சியாளர் ‘சிக்ஷகுடு’. ஆனால் ‘சிக்ஷ’ என்றால் தண்டனை. நாங்கள் படித்த காலத்து மைதானங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. தமிழில் பயில், பயிற்று. கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் ஒரே வேர். மூன்றில் இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பயின்றவன், அதிலும் தட்டுத் தடுமாறிப் பயின்றவன், பயிற்றுவான்.

எங்கள் கல்லூரியிலும் அப்படி ஒருவர் இருந்தார். வாலிபால் ஆடியவர். முழங்கால் போனபின் உடற்கல்வி இயக்குநராக வந்தவர். மாடிப்படி இறங்கும்போது மட்டும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நான் எதிலும் தேறாத ஆள். ஒரு நாள் சும்மா ஈட்டியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். வந்து பார்த்தார். தப்பு என்று சொல்லவில்லை. சுண்ணாம்புப் பொடியை எடுத்துத் தரையில் ஒரு கோடு போட்டு, “முன் காலை இங்க வை, கையை மறந்துடு” என்றார். வைத்தேன். ஈட்டி முன்பு விழுந்த இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. நான் ஈட்டிக்காரன் ஆகிவிடவில்லை. ஆனால் கையில் இருப்பதாக நான் நினைத்த தப்பு காலில் இருந்தது என்று அன்று தெரிந்தது. அந்தப் பாடம் பிற்பாடு மொழிபெயர்ப்பிலும் எனக்கு உதவியிருக்கிறது. வாக்கியம் சரியாக வராவிட்டால், குறை பெரும்பாலும் அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருக்கும்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நெடுநாள் காலியாகவே கிடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். மாலையில் மைதானத்தில் மாடு மேய்ந்ததையும், விளையாட்டுச் சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்ததையும் நானே பார்த்தேன்.

தென்னிந்தியாவில் இப்படிப்பட்டவர்களை உருவாக்கும் வேலைக்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் அவர்தான். தெற்கே பல பள்ளி, கல்லூரி மைதானங்களில் நின்ற டிரில் மாஸ்டர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

ஐதராபாத்தின் எஸ்.ஏ. ரஹீமும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். இளமையில் கால்பந்து ஆடியவர். ஆட்டக்காரராக நாடறிந்த பெயர் இல்லை. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றதும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்ததும் அவருடைய பயிற்சியில்தான். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் அவர் கண்டெடுத்த பிள்ளை. 1963-இல் ரஹீம் புற்றுநோயில் இறந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுகளில் நம் கால்பந்துக்குத் தங்கம் கிடைக்கவில்லை. ஒரு கோச்சின் மதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

அரசாங்கம் கணக்கு வைத்த விதத்தையும் பாருங்கள். வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961-இல் தொடங்கியது. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல்தான் வந்தது. அர்ஜுனனுக்கும் துரோணருக்கும் இடையே 24 வருட இடைவெளி. பெயர் வைத்ததிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்டு வாங்கியவர் துரோணர். எறிகிறவனின் கையைக் காப்பாற்றுவதுதான் நல்ல கோச்சின் முதல் வேலை. பேஸ்பாலில் அறுந்துபோகும் முழங்கைத் தசைநாரை மாற்றி வைக்கும் அறுவைச் சிகிச்சை 1974-இல் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்யப்பட்டது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எறிவது அவ்வளவு ஆபத்தான வேலை.

இனி அந்த இரண்டு பிள்ளைகளின் கதையை முடிக்க வேண்டும். 2009-இல் இருவரும் பைரேட்ஸின் கீழ்நிலை அணியில் ஆடத் தொடங்கினார்கள். அந்த ஜூலையிலேயே ரிங்கு ஓர் ஆட்டத்தை வென்றார். தினேஷை 2010-இல் அணி விடுவித்தது, ஊர் திரும்பினார். ரிங்கு சில வருடம் தாக்குப் பிடித்தார். பிறகு காயங்கள், முழங்கை அறுவைச் சிகிச்சை. உச்ச லீகை இருவருமே எட்டவில்லை. ரிங்கு 2018-இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

அப்படியானால் ஹவுஸ் தோற்றாரா? நான் அப்படி நினைக்கவில்லை. சில மாதங்களில் கற்றுக் கொடுக்க முடிந்ததை அவர் கற்றுக் கொடுத்தார். எறியும் வித்தையைச் சொல்லித் தரலாம். ஆட்டத்தைச் சில மாதங்களில் சொல்லித் தர முடியாது. அது எட்டு வயதில் தெருவில் தொடங்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பந்து, தோற்றுக்கொண்டிருக்கும்போது மூச்சை எப்படி விடுவது, வலி வந்தால் எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் தினமும் மாலை பக்கத்தில் நிற்கும் ஒருவரிடமிருந்து வருவது. தொலைக்காட்சிப் போட்டி ஒரு கையைக் கண்டுபிடிக்கும். அந்தக் கையை ஆட்டக்காரனாக்க உள்ளூர் மைதானத்தில் ஓர் ஆள் வேண்டும். பரிசுப் பணம் லக்னோவுக்கு வந்தது. ஹவுஸ் மாதிரி ஓர் ஆள் வரவில்லை.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டு வரச் சொல்லவில்லை. அங்கே பெரிய கல்லூரிகளில் கோச்சுகள் கோடிக்கணக்கில் சம்பாதித்தபோது, ஆடிய மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் ஒரு டாலர் சம்பாதிக்கவும் தடை இருந்தது. 2021-இல்தான் அது தளர்ந்தது. ஆனால் ஒன்றை அவர்களிடம் கற்கலாம். ஆட்டம் முடிந்த வீரனுக்கு அங்கே கல்லூரி மைதானம் இரண்டாவது வாழ்க்கை. இங்கே அவனுக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு மேஜை. மேஜை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் இருபது வருடம் மைதானத்தில் சேர்த்த அறிவு அந்த மேஜையின் இழுப்பறையில் போய்ப் பூட்டிக்கொள்கிறது.

விதிகள் ஒன்றும் தடையாக இல்லை. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, உடற்கல்வியில் முதுகலைப் பட்டம், நெட் போன்ற தகுதித் தேர்வு, அதோடு கல்லூரி, பல்கலைக்கழக அளவிலாவது ஆடிய அனுபவமும் வேண்டும். முதுகலை படித்த ஆசிய, காமன்வெல்த் பதக்கக்காரர்களுக்குத் தனி வழியும் உண்டு. ஆடியவனாகவும் இருக்க வேண்டும், படித்தவனாகவும் இருக்க வேண்டும். டெடோவும் ஹவுஸும் சேர்ந்தால் என்ன வருமோ அதைத்தான் விதி கேட்கிறது. கேட்டுவிட்டு, காலியிடத்தை நிரப்பாமல் விடுவதுதான் வியாதி. கணக்கு வாத்தியார் இல்லாவிட்டால் பெற்றோர் கல்லூரி வாசலில் வந்து நிற்பார்கள். விளையாட்டு வாத்தியார் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். பிள்ளை மைதானத்துக்குப் போகவில்லை, படிக்கிறான் என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

பத்து நாள் கழித்து நண்பனுக்குப் போன் செய்தேன். டெடோவின் கதையைச் சொன்னேன். இரண்டு ஆட்டம், நாற்பத்தைந்து வருடம். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “லாரி வெச்சிருந்தானில்ல? அதான்” என்றான். கணக்கு எழுதுகிறவன் கண்ணில் படுவது அதுதான். அவன் சொன்னதும் பொய்யில்லை. வருடம் ஒரு டாலருக்கு வேலை செய்ய நண்பனின் மகனால் முடியாது. அவனுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். அதைத் தர வேண்டியது கல்லூரிகளும் அரசும். இந்த ஒரு விஷயத்தில் தகப்பனின் பயம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவனுடைய முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆமாம், விளையாட முடியாமல் போனவன்தான் விசில் ஊத வருகிறான். எது முடியாமல் போனது, ஏன் போனது என்று தெரிந்தவன் என்பதால்தான் அவன் தேவை. ஆட்டக்காரனுக்குக் காலம் பத்து வருடம். வாத்தியாருக்கு நாற்பது. பையனிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: இன்னும் சில வருடம் நன்றாக ஆடு, கூடவே படி, தோற்கும்போது ஏன் தோற்றோம் என்று எழுதி வை.

“சரி மாமா” என்றான். உடற்கல்விக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டானாம். கடன் வசூல் வேலைக்கும் இன்னும் முடியாது என்று சொல்லவில்லையாம். இரண்டு கடிதங்களில் எது முதலில் வருகிறது என்று வீட்டில் காத்திருக்கிறார்கள்.